மரத்தில் தொங்கிய போன்

லெப்டொப்பின் வைஃபை கார்ட் செத்துப்போனது கிருஷாந்திக்கு உடனே தெரியவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவரின் குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அந்த அம்மா எதைச் சொன்னாலும் முடிவில் "கேக்குதோ பிள்ளை?" என்று ஒரு கேள்வி போடுவார். எப்போதோ தன்னைப் பேட்டி எடுத்தவரிடம் அவர் கேட்ட கேள்வி அது. ஆனாலும் பதில் சொல்வது கிருஷாந்திதான். யாருமில்லாத காம்பராவில், சுவரைப் பார்த்தபடி, "கேக்குது, சொல்லுங்க" என்பாள். அன்றைக்கும் அப்படிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அந்த அம்மா மேற்கொண்டு பேசவில்லை. திரையின் மூலையில் வழக்கமாக இருக்கும் விசிறி போன்ற சின்ன அடையாளம் காணாமல் போயிருந்தது. கூரைத் தகரத்தில் மழை மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் அந்த அடையாளத்தின் அருமை விளங்கும். நோர்வூட்டுக்கு மேலே, மலை இரண்டாக மடிந்து இறங்குகிற இடத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் இருக்கிறது; அதில் ஓர் அறைதான் அவளுடைய காம்பரா. மடிப்புக்குள் இருப்பதால் அங்கே போனில் சிக்னல் ஒரு கோடுகூட விழாது. லயத்துக்குப் பின்னால் தேயிலை ஏறிப்போகும் சரிவில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஒரு பாறை. பாறையை ஒட்டி ஒரு டர்பன்டைன் மரம். அங்கே நின்றால் எதிர்மலை டவர் தெரியும், சிக்னல் கொட்டும். ஆகவே தினமும் காலையில் போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, பவர் பேங்க்கோடு சேர்த்து ஷொப்பிங் பையில் சுற்றி, மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு இறங்கிவருவாள். போன் டவரோடு பேசும். மரத்திலிருந்து பின்ஜன்னல் வரைக்கும் வைஃபை வந்து சேரும். ஜன்னலோரம் லெப்டொப்பை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்வாள். இரண்டுக்கும் நடுவே கம்பி கிடையாது, தேயிலையும் மழையும்தான்.

அந்த மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இது நல்ல தமாஷ்.

"இன்னைக்கும் தூக்குல போட்டுட்டாடி போன!" என்பாள் தெரேசா. நாற்பதைத் தாண்டியவள்; அந்தக் கூட்டத்திலேயே பெரிய தொண்டை அவளுக்குத்தான். "என்னா குத்தம் பண்ணுச்சோ, பாவம்!"

கிருஷாந்தி சிரித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவளுடைய அம்மா இதே பெண்களோடு காலைப் பெரட்டுக்குப் போய், பெயர் கொடுத்துக் கொழுந்து பறித்தவள். மகள் பெரட்டுக்குப் போகவில்லை, கார்மென்ட் பெக்டரிக்குப் போகவில்லை, கல்யாணமும் முடிக்கவில்லை. அம்மா இறந்த பிறகு, ஜன்னலோரம் உட்கார்ந்து சுவரோடு பேசுகிறவளிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் முழுக்க மனிதரோடு பேசாமல் கழிந்ததும் உண்டு. அப்படிக் கழிந்ததை வாரம் முடிந்த பிறகுதான் கவனிப்பாள்.

கொழும்பில் ஒரு கம்பெனி, பேட்டிகளைக் கேட்டு எழுத்தில் கொடுக்கும் வேலையை அவளுக்குத் தருகிறது. குரல்கள் கம்பெனியின் தளத்தில் இருக்கும்; அங்கேயே கேட்டு அங்கேயே எழுத வேண்டும். இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. பிறர் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து கேட்கவும் கூடாது என்பதால் டவுனில் இன்டர்நெட் உள்ள கம்யூனிகேஷன் கடைக்கும் போக வழியில்லை. மழைக்காலத்தில் பாறைமேல் லெப்டொப்பைத் திறந்துவைத்துக்கொண்டு எத்தனை நேரம் உட்காருவது?

குடையோடு பாறைக்கு ஏறி, கம்பெனியின் நிஷாந்தி மிஸ்ஸை அழைத்தாள்.

"மெசின் பழுதா? அச்சச்சோ. ஆனா வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடுறதுக்குள்ள மன்னார் பேட்டி வந்துடணும் கிருஷாந்தி. வரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துட்டு லிஸ்டுல இருந்து உங்கட பேரையும் எடுத்துடுவாங்க. என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

அடுத்து அண்ணன் சுதாகரன். வத்தளையில் இருக்கிறான்.

"அங்க தனியா கெடந்து என்னாதான் செய்யிற? வேல இருந்துச்சு, சரின்னு விட்டேன். இப்ப அதுவும் போச்சுன்னா வந்துரு. பிள்ளைங்கள பாத்துக்கிட்டு இருக்கலாம். ஞாயித்துக்கெழம வேன் கொண்டாறேன், காம்பராச் சாவிய தோட்டத்து ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துருவோம்."

"வெள்ளிக்கெழம சொல்றேன்ணே."

"என்னாத்த சொல்றது?"

அவள் குடையை மறுகைக்கு மாற்றினாள். அண்ணன் போனை வைத்துவிட்டான்.

சாவியைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. காம்பராவுக்கு ஆள் காத்திருக்கிறது. அண்ணன் வீட்டில் ஹோலில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். டிவி ஓடிக்கொண்டே இருக்கும். அண்ணியின் பெருமூச்சுக்கு அர்த்தம் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். போக மனமில்லை. அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கார்ட் வேண்டும்.

எந்தக் கார்ட் என்பதுதான் சிக்கல். மற்றவர்களின் மெசினில் விண்டோஸ் இருக்கிறது. அவளுடையது பழையது, விண்டோஸைத் தாங்காமல் முக்கிக்கொண்டிருந்தபோது, ஹட்டனில் கம்பியூட்டர் வகுப்பில் கூடப் படித்த திலக்ஷன் அதை அழித்து லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். "இனி பின்னால திரும்பிப் பாக்கவே கூடாது" என்று அப்போது சொன்னான். மெசின் புதுசு போல் ஓடியது. லினக்ஸில் ஒரு சங்கடம் உண்டு: எல்லாக் கார்டும் அதோடு ஒத்துப்போகாது. எது ஒத்துப்போகும் என்று திலக்ஷனுக்குத் தெரியும். அவன் இப்போது டோஹாவில் இருக்கிறான். ஆரம்பத்தில் நீள நீளமாக எழுதுவான். பிறகு இரண்டு வரி. பிறகு கட்டைவிரல் படம். பாறையில் நின்று அவனுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். சொல்லும்போது குரல் ஏன் இப்படித் தயங்குகிறது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் விழுந்தது. மறுநாள் அது நீலமாகியிருந்தது. கேட்டிருக்கிறான். பதில் இல்லை.

நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடைக்குள் குந்தி உட்கார்ந்து, யார் யாரோ எப்போதோ கேட்ட கேள்விகளையும் யார் யாரோ சொன்ன பதில்களையும் போனில் படிக்கத் தொடங்கினாள். கால் மரத்துப்போகும்வரை படித்தாள். எழுந்தபோது எதையெல்லாம் வாங்கக் கூடாது என்பது ஓரளவு பிடிபட்டிருந்தது.

மறுநாள் ஹட்டன் பஸ்ஸில் ஏறினாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் முத்துலிங்கம் கடை. உடைந்த போன்களுக்கும் செத்த லெப்டொப்களுக்கும் நடுவே, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர். மெசினின் அடிமூடியைக் கழற்றி, தீப்பெட்டியில் பாதி அளவிருந்த கார்டை வெளியே எடுத்துக் காட்டினார்.

"இந்தா பாரு புள்ள, வாயெல்லாம் பச்ச புடிச்சிருக்கு. பனி தின்னுருச்சு. ஜன்னலோரமா வச்சிருக்கியோ?"

"ஆமாண்ணே."

"வேற போட்டுறலாம்." மெசினைத் திறந்து பார்த்தவர் முகத்தைச் சுருக்கினார். "இது என்னா, விண்டோஸ் இல்லியே?"

"லினக்ஸ்."

"அப்ப சாமி கும்புட்டுட்டுத்தான் கார்டு போடணும். எதுக்கு இந்தத் தொல்ல? விண்டோஸ் போட்டுத் தாறேன், எந்தக் கார்டும் ஓடும்."

"விண்டோஸ் போட்டா இது தெறக்கிறதுக்குள்ள ஒரு பிளேன்டீ குடிச்சு முடிச்சிறலாம்ணே."

அவர் மெசினை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "ரெண்டு பிளேன்டீ" என்றார்.

பிறகு, வெளியே குத்திக்கொள்ளும் நகத்தளவு வைஃபை ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். அவ்வளவு சின்னது மரம்வரைக்கும் எட்டாது. அதோடு, அது வேலை செய்ய வேண்டிய கோப்பை முதலில் இன்டர்நெட்டில் இருந்து எடுக்க வேண்டும்.

"இன்டர்நெட் வாறதுக்கே இன்டர்நெட் கேக்குதா? நல்ல சாமான்தான்!" என்று சிரித்துவிட்டு, இறந்த லெப்டொப்களில் இருந்து கழற்றிய கார்ட்கள் கிடந்த பெட்டியை மேசையில் கவிழ்த்தார். அளவு பொருந்தியவை மூன்று.

முதலாவதற்கும் அந்த நகத்தளவு சாமானின் குணம்தான். கோப்பு கேட்கும், ஒவ்வொரு முறை சிஸ்டம் புதுப்பிக்கும்போதும் கோபித்துக்கொண்டு படுத்துவிடும் என்று யாரோ அலுத்து எழுதியிருந்ததைப் படித்திருந்தாள். ஒதுக்கிவைத்தாள்.

இரண்டாவது இன்டெல் கார்ட், புத்தம்புதிதுபோல் மினுங்கியது. "இத எடு. இருக்கிறதுலயே புதுசு" என்றார் முத்துலிங்கம். எண்ணைப் பார்த்தாள்: 9560. இதையும் படித்திருந்தாள். இது பாதிக் கார்ட்தான்; மீதிப் பாதி புதிய மெசின்களின் போர்டிலேயே இருக்கும். அவளுடைய பழைய மெசினில் இது அச்சாகப் பொருந்தும், திருகும் போடலாம். ஆனால் வாயே திறக்காது.

"இது என் மெசினுக்குப் பேசாதுண்ணே."

"பொருந்துதே!"

"பொருந்தும். பேசாது."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். அந்தக் கார்டை எடுத்து ஒதுக்கிவைத்தார்.

மூன்றாவதும் இன்டெல்தான். பழசு, ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. 8265. கிருஷாந்தி மெசினில் லினக்ஸின் உள்ளறை ஒன்றைத் திறந்தாள். எந்தெந்தக் கார்டோடு எப்படிப் பேச வேண்டும் என்ற கோப்புகள் அங்கே வரிசையாக இருக்கும். விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினாள். 8265 என்ற எண்ணோடு ஒரு கோப்பு இருந்தது. திலக்ஷன் லினக்ஸைப் போட்ட நாளிலிருந்தே இருந்திருக்கிறது. வராத விருந்தாளிக்கு எடுத்துவைத்த தட்டுபோல், இத்தனை காலமும் உள்ளே சும்மா இருந்திருக்கிறது.

"இது" என்றாள்.

முத்துலிங்கம் கார்டைச் செருகித் திருகினார். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு அன்டெனா வயர்களின் தலைகளை அதன்மேல் வைத்து, டக் டக்கென்று அழுத்தினார். மெசின் விழித்தது. மூலையில் விசிறி வந்தது. அவளுடைய போனின் ஹொட்ஸ்பொட்டைக் கேட்டவுடன் பிடித்தது.

"சாமி கும்புட்டியா?"

"இல்லண்ணே. எண்ணப் பாத்தேன்."

திரும்பிவரும்போது பஸ் குண்டும் குழியுமான பாதையில் தூக்கித் தூக்கிப் போட்டது. பையை மடியில் அணைத்துக்கொண்டு வந்தாள். நல்ல செய்தியைச் சொல்ல யாரையாவது தேடியது மனம். நோர்வூட் வரைக்கும் தேடியது, பிறகு தூங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மேகம் லயத்து வாசல்வரை இறங்கியிருந்தது. போனில் ஹொட்ஸ்பொட் எரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, வழக்கம்போல் மரத்தில் கட்டினாள். ஷொப்பிங் பையில் ஒரு கிழிசல் இருந்தது; கிழிசல் உள்பக்கம் வரும்படி சுற்றினாள். இறங்கிவந்து, ரொட்டியும் சம்பலும் தின்று, கை கழுவி, ஜன்னலோரம் உட்கார்ந்து மெசினைத் திறந்தாள்.

விசிறி இருந்தது. அதைத் தொட்டால், அவளுடைய பெயரில் வர வேண்டிய ஹொட்ஸ்பொட் இல்லை; ஒரு பெயரும் இல்லை.

அணைத்துப் போட்டாள். காத்திருந்தாள். மெசினைத் தூக்கி ஜன்னல் கம்பியோடு சேர்த்துவைத்தாள். மற்ற நாளென்றால் மரத்தில் ஆடும் பை தெரியும். இன்றைக்கு மரமே தெரியவில்லை, வெள்ளை மட்டும்தான். போனைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கையால் எரியவிட்டுக் கட்டியது அது, இத்தனை மாதமும் ஏமாற்றாதது. வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்மேல்தானே பழி விழும்? கார்டைத்தான் சந்தேகப்பட்டாள்.

பஸ் குலுக்கியதில் அன்டெனா வயர் கழன்றிருக்கும். அடிமூடியைக் கழற்றினாள். கழன்றிருக்கவில்லை. இருந்தாலும் எடுத்துவிட்டு மறுபடி பொருத்தினாள். வயரின் தலை எறும்புத் தலையளவு. குளிரில் விரல் வளைய மறுத்தது. கறுப்பு டக்கென்றது. வெள்ளை நழுவி நழுவிக் கடைசியில் உட்கார்ந்தது. மூடினாள், திறந்தாள். ஒரு பெயரும் இல்லை.

அப்படியானால் தேர்ந்தெடுத்ததே தவறு. கடைக்குள், கைக்கெட்டும் தூரத்தில் பிடிக்கிற கார்ட், மலைச்சரிவைத் தாண்டிக் கேட்காத கிழட்டுக் கார்ட். எண்ணைப் பார்த்தாளே, வயதைப் பார்த்தாளா? திலக்ஷனிடம் இன்னும் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும். முத்துலிங்கத்தின் பேச்சைக் கேட்டு விண்டோஸைப் போட்டிருக்க வேண்டும். தனியாகத் தெரிவுசெய்ய அவள் யார்? இந்தக் கேள்வி வந்ததும் மற்ற எல்லாக் கேள்விகளும் ஓய்ந்தன. திருப்புளியை மேசையில் வைத்தாள். பக்கத்துக் காம்பராவில் யாரோ விறகு பிளந்தார்கள். அம்மாவின் படத்துக்குக் கீழே சாவி ஆணியில் தொங்கியது.

அண்ணனுக்கு "வர்றேன்" என்று அனுப்பிவிடலாம். அதற்கும் போன் வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

பாறையை அடைந்து மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கிளையில் பை இல்லை. அந்த இடத்தில் ஒரு பிஸ்கட் டின் தொங்கியது. சதுர டின். மூடியை இறுக்கி, கொழுந்து சாக்குக் கட்டும் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள்.

"என்னா பாக்குற? உள்ளதான் இருக்கு ஒன் கைதி!"

மேகத்துக்குள் இருந்து தெரேசாவின் குரல் முதலில் வந்தது. பிறகு இடுப்பில் சுற்றிய படங்குத் துணியும் முதுகில் கூடையுமாகத் தெரேசாவே வந்தாள். பின்னால் காளியாயியும் இன்னும் இரண்டு பேரும் கை ஓயாமல் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நீங்களா போட்டீங்க?"

"பின்ன? பை கிழிஞ்சு தண்ணி உள்ள போவுது. போன கெழமையே பாத்தேன். அப்பறம் நீ தொங்கப் போடவே இல்ல. இன்னைக்கு வந்து பாத்தா மறுபடி அதே கிழிஞ்ச பை. பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா? காலையில இத கட்டிட்டுத்தான் கூடைய மாட்டுனேன்."

"டின்னுல போட்டா சிக்னல் வராதுக்கா."

"ஏன், மூச்சு முட்டுதோ?"

பெண்கள் சிரித்தார்கள். கிருஷாந்தி டின்னைத் தட்டிக் காட்டினாள்.

"தகரம் அடச்சுக்கும்க்கா. வெளிய வராது. காலையில இருந்து மெசின் புடிக்கல. புதுசா போட்ட கார்டுதான் பழுதுன்னு நெனச்சேன்."

தெரேசாவின் முகம் விழுந்துவிட்டது. "எனக்கு என்னாடி தெரியும் அதெல்லாம்? நத்தார் பண்டிகைக்கு வாங்குன டின்னு. சீனி போட்டு வச்சிருந்தேன். போன கெழமையே கொட்டிட்டு எடுத்தாந்து கூடைக்குள்ளயே வச்சிருந்தேன்."

"இவ இப்படித்தான் புள்ள" என்றாள் காளியாயி. "அன்னைக்கு கொரங்கு ஒன் பையப் புடிச்சு இழுத்துச்சுன்னு கொழுந்தப் போட்டுட்டு கல்லோட ஓடுனா. கங்காணி அவள ஏசுன ஏச்சு இருக்கே!"

"எப்ப?"

"எப்பன்னு சொல்றது? எத்தன தடவ!"

கிருஷாந்தி தெரேசாவைப் பார்த்தாள். இத்தனை மாதமும் கேலி செய்த வாயை மட்டும்தான் அவள் கேட்டிருக்கிறாள். நன்றி என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் அந்த மலையில், அந்த மழையில், வாத்தியார் வீட்டுச் சொல்போல் இருந்தது. வரவில்லை.

"ஒங்கண்ணன் வேன் கொண்டாறாராமே, ஆபீஸ்ல பேசிக்கிறாங்க?" தெரேசா கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். "இனி யாரத் தூக்குல போடுறதாம்?"

"இன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள வேல முடிஞ்சா நான் போகத் தேவையில்லக்கா."

"அத மொதல்ல சொல்றதுக்கென்ன, வாய் நோவுதா? ஓடு, ஓடு!"

தெரேசா போனை ஒரு முழுப் பையில் சுற்றினாள். அவளுடைய சாப்பாட்டுப் பை அது. கிளையில் கட்டினாள். பிறகு டின்னின் மூடியை மட்டும் எடுத்து, பைக்கு மேலே, குடைபோல் சாய்த்துக் கட்டினாள். "இது அடைக்குமா?"

கிருஷாந்தி யோசித்தாள். மேலே மட்டும் தகரம். நாலு பக்கமும் திறந்திருக்கிறது. "அடைக்காதுக்கா."

சரிவில் விழாத குறையாக இறங்கினாள். மெசினில் விசிறிக்குள் அவளுடைய பெயர் இருந்தது. தொட்டதும் பிடித்தது. ஹெட்போனை மாட்டினாள். மன்னார் அம்மா நின்ற இடத்திலேயே இருந்தார்.

"கேக்குதோ பிள்ளை?"

"கேக்குது" என்றாள். "சொல்லுங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை. அந்த அம்மா கடலில் போன மகனைப் பற்றிச் சொன்னார், மூச்சிரைத்தார், இருமினார், தேத்தண்ணி கேட்டார், சிரித்தார். எல்லாவற்றையும் எழுதினாள். ஆபீஸ் மூடும் முன்பே அனுப்பினாள். "கிடைச்சுது, அடுத்தது திங்கட்கிழமை" என்று நிஷாந்தி மிஸ்ஸிடமிருந்து ஒரு வரி வந்தது. ஹெட்போனைக் கழற்றியதும் காம்பராவில் எப்போதும் இருக்கும் அமைதி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

இருட்டும் முன் போனை எடுக்க ஏறினாள். கொழுந்தை எடைபோட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். வெறும் டின் பாறையில் கவிழ்ந்து கிடந்தது. போனில் திலக்ஷனின் செய்தி இருந்தது: "சொறி, ஓவர்டைம். லினக்ஸ விட்டுட்டு பேசாம விண்டோஸ் போட்டுக்க. லேசு."

இரண்டு தடவை படித்தாள். "கார்ட் போட்டாச்சு" என்று எழுதி அனுப்பினாள். பார்த்தான். கட்டைவிரல் படம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அவளும் காத்திருக்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு அண்ணனுக்கு எழுதினாள்: "வேன் வேண்டாம்ணே. வேல இருக்கு." டின்னை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

சனிக்கிழமை காலை மழை சற்று விட்டிருந்தது. போனை மூடிக்கு அடியில் கட்டிவிட்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மேகம் விலகிய ஒரு கணத்தில், மேலே தகரமூடி மினுங்கியது. அதற்குக் கீழே குனிந்த தலைகள். ஒரு தலை மட்டும் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தது. கிருஷாந்தி கையைத் தூக்கினாள்.

அந்தத் தலை மரத்தைத்தான் பார்த்தது, ஜன்னலை அல்ல. மேகம் மறுபடி மூடிக்கொண்டது. தூக்கிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.